ஆதங்கண்டு ஒஸ்தாவும் பதினேழு கொண்டைகளும்

கல்முனைச் சந்தைக்கு வடக்கேயுள்ள ஒரு குறிச்சியின் அரசாங்கத் தலைமைக்காரரான விதானை, 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து நாட்குறிப்பில் இப்படி எழுதி வைத்தார்: “ஆதங்கண்டு. வயது நாற்பத்தேழு. தொழில் நாவிதம். பெருங்கூட்டம் சேர்ப்பவர். பேச்சு வன்மையால் வாலிபரை வசப்படுத்துபவர். இவர் சொற்படி நடப்போர் பதினேழு பேர். கண்காணிக்கத்தக்க ஆள்.”

வயதும் தொழிலும் சரி.

மற்றவற்றைப் பொறுத்தவரை, ஆதங்கண்டு ஒரு நாளைக்கு நாலு வசனம் பேசினாரென்றால் அன்று அவருக்குப் பெருநாள். அந்த நாலில் இரண்டு, “தலையக் குனிங்க”, “ஆடாம இரிங்க” என்பவை. மூன்றாவது சலாம். நாலாவதைக் கேட்டவர்கள் குறைவு. கூட்டம் என்பதோ அவர் வாழ்க்கையில் மற்றவர்களுக்கு நடக்கிற ஒன்று. மனைவி ஆசியா உம்மா 1946இல் மவுத்தாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஒரேயொரு தம்பி ஒலுவிலில், அவரும் இதே தொழில். இரண்டு வீட்டுக்கும் இடையில் பஸ் ஓடியது. ஆனால் ஒஸ்தா ஊரை விட்டுப் போகிற அன்றைக்குப் பார்த்து யாராவது ஒரு வீட்டில் குழந்தைக்கு நாற்பது வந்துவிடும்.

முஸ்லிம் ஊர்களில் ஒஸ்தா என்கிற நாவிதர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. பிறந்த பிள்ளைக்கு நாற்பதாம் நாள் முடியிறக்குகிறவர் அவர். பையனுக்குச் சுன்னத்துச் செய்கிறவர் அவர். மாப்பிள்ளையைச் சவரம் செய்து காவின் என்கிற கல்யாண எழுத்துக்கு அனுப்புகிறவரும் அவர். வெள்ளிக்கிழமை காலையில் பெரியவர்கள் வரிசையாகக் குந்தியிருந்து, ஜும்ஆவுக்கு முன் தலையை மழித்துக்கொள்வதும் அவர் கையால்தான். இப்படி ஊரிலுள்ள ஆண்களில் ஒருவர் விடாமல் எல்லோரையும் தொட்ட ஒரே மனிதரோடு சேர்ந்து சாப்பிட மட்டும் ஒருவரும் இல்லை.

இது எங்கும் எழுதப்பட்ட சட்டமல்ல. எழுதியிருந்தால் யாராவது ஒரு ஆலிம் அதைக் கிழித்துப் போட்டிருப்பார். தொழுகையில் பள்ளியை நிர்வகிக்கிற மக்கீன் மரைக்காரின் தோளோடு தோள் உரசி நிற்க ஒஸ்தாவுக்கு உரிமை இருந்தது, நின்றார். ஆனால் பள்ளியில் கொடுக்கிற கந்தூரி விருந்துச் சோறு சகனில் வரும். சகன் என்பது ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கைபோட்டு உண்கிற பெரிய தட்டு. ஒஸ்தாவுக்கும் ஒரு சகன் வரும், முழுச் சகன், இறைச்சியும் குறையாது. அதைச் சுற்றி அவர் மட்டும் இருப்பார். அந்தக் குறிச்சியில் ஒஸ்தா அவர் ஒருவர்தான். ஆறு பேரின் சோற்றைத் தனியாளுக்குக் கொடுப்பதை மரியாதை என்று சொன்னவர்களும் உண்டு. சொன்னவர்கள் வேறு சகனில் இருந்தபடிதான் சொன்னார்கள்.

ஆதங்கண்டு தன் பக்கத்து ஆறிலொரு பங்கை மட்டும் உண்பார். மற்ற ஐந்து பங்கும் விளிம்பு கலையாமல், வெட்டி வைத்த வரப்புபோல் நிற்கும். மனைவி போன பிறகு வீட்டிலும் தனிச் சோறு என்பதால், கந்தூரி அவருக்கு எந்த வித்தியாசத்தையும் தரவில்லை. அவர் வேண்டியது அந்த ஒரு வித்தியாசத்தைத்தான்.

அதை அவர் ஒருமுறை கண்டிருந்தார். 1950இல் கல்லோயா அணைக்கட்டு வேலைக்கு அமெரிக்கர்கள் வந்திருந்தபோது, இங்கினியாகலை முகாமில் முடி வெட்ட ஆள் தேவைப்பட்டது. ஆதங்கண்டு போனார். இரண்டு வருடம் கூடாரத்தின் கீழ் நின்று, பொன்னிறம், செம்பட்டை, சோளநார் நிறம் என்று அதுவரை காணாத முடிகளையெல்லாம் வெட்டினார். றோய் என்றொரு இளம் உழவுயந்திர மெக்கானிக் அவருக்கு ஒரு புது வேலையைப் பழக்கினான். முன்முடியை நீளமாக விட்டு மேலே தூக்க வேண்டும். பக்கத்து முடியைப் பின்னுக்கு இழுத்து, பிடரியின் நடுவில் தாராவின் வாலைப்போலச் சந்திக்க வைக்க வேண்டும். இவருக்கு இங்கிலீஸ் தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆகையால் இருவருக்கும் ஒருபோதும் கருத்து வேறுபாடு வரவில்லை.

வேலையில் ஒரு புதினம் இருந்தது. அதுவரை சவரக்கத்தி அவருக்கு ஒன்றும் மிஞ்சாமல் எடுக்கிற கருவி. இப்போது அதே கத்தியைச் சாய்த்துப் பிடித்து, ஈர முடியில் வழுக்கினால் முடி மெலிந்து வளைந்து கொடுத்தது. எதை எடுப்பது என்பதல்ல, எதை விடுவது என்பதே வேலையாயிற்று. நாற்பது வயதில், தலையில் முடி என்றொன்று இருக்கிறது என்பதை ஒஸ்தா கண்டுபிடித்தார். தன் தலையை மட்டும் பதினைந்து நாளுக்கொருமுறை கண்ணாடி பாராமல் தடவித் தடவி மழித்துக்கொண்டே இருந்தார்.

முகாமில் எல்லாரும் ஒரே நீள மேசையில் சாப்பிட்டார்கள். ஆதங்கண்டு மீனும் பருப்பும் மட்டும் போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் பாண்டிருப்புக் கொல்லன் செல்லத்தம்பியும் மறுபக்கம் தெற்கே காலி நகரிலிருந்து வந்த லொறிச் சாரதியுமாக, நடுவில் இருந்தார். அவர் யார், எந்தக் குடி என்று யாரும் கேட்கவில்லை. உப்பைத் தள்ளிவிடச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பியபின் அமெரிக்காக்காரரைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன முழு அபிப்பிராயம் இது: “மேசை நல்ல நீளம்.”

முகாமில் கழித்துப் போட்ட உழவுயந்திர இருக்கை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஓட்டை ஓட்டையான இரும்பு இருக்கை. அதைத் தச்சனிடம் கொடுத்துப் பலகைப் பெட்டிமேல் சுழலும்படி பூட்டி, 1956இல் சந்தைத் தெருவில் ஒரு கடையறையில் போட்டார். ஒரு கண்ணாடி, வருகிறவர்கள் இருக்க ஒரு நீள வாங்கு, சுவரில் தோல்வார். பக்கத்து அறையில் தையல்காரர் சில்வெஸ்டர், கத்தோலிக்கர். அவரிடம் றேடியோ இருந்தது. பெரியவர்கள் கடைக்கு வரவில்லை. ஒஸ்தா வீட்டுக்கு வருவதுதான் முறை, ஒஸ்தாவிடம் போவது முறையல்ல. எட்டு மாதம் அந்தக் கதிரையில் அதிகமாக இருந்தது சந்தைப் பூனை.

பிறகு ஒருநாள் பின்னேரம் றஊப் வந்தான். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் படித்துக்கொண்டிருந்த இருபத்தொரு வயதுக்காரன். கையில் இங்கிலீஸ் சஞ்சிகையிலிருந்து கிழித்த ஒரு பக்கம். கிற்றாரோடு நிற்கிற ஒரு வெள்ளைக்காரப் பாட்டுக்காரன். முன்முடி, கரைக்கு வந்து உடையப்போகிற அலையைப்போல் நின்றது.

“ஒஸ்தா, இத மாதிரி வெட்ட ஏலுமா?”

ஒஸ்தா படத்தை வாங்கி, திருப்பிப் பார்த்தார். பின்னால் சவுக்கார விளம்பரம்.

“பின்பக்கம் இல்லியே.”

“படத்துக்கு எப்பிடி ஒஸ்தா பின்பக்கம் இரிக்கும்?”

“தலைக்கு இரிக்கே மனெ. இரிங்க.”

முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. தேங்காயெண்ணெயில் தேன்மெழுகை உருக்கி, ஒரு சொட்டு அத்தர் விட்டுப் பால்டின்னில் வைத்திருந்த களிம்பைத் தடவி, சீப்பால் தூக்கி நிறுத்திவிட்டு, ஒஸ்தா இரண்டாவது கண்ணாடியைப் பிடரிக்குப் பிடித்தார். றஊப் தன் பின்தலையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான்.

சில்வெஸ்டர் எட்டிப் பார்த்து, “என்ன ஒஸ்தா, சாவல் பண்ணையா தொடங்கிட்டீங்க? கொண்டையப் பாருங்க, விடியக்குள்ள கூவும் போலிரிக்கு” என்றார்.

“நீங்க மட்டும் என்ன? அவன் களுசானத் தைக்கிறயா, தோலுரிச்ச காலுக்கு மேல ஒட்டுறயா?” என்று றஊபோடு வந்து வாங்கிலிருந்த ஒருவன் கேட்டான்.

அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ‘சாவல் கொண்டை’ மூன்று மாதத்தில் பதினேழு தலைகளில் ஏறியது. அதன் பெரிய வசதி, இறங்கவும் கூடியது என்பது. வீட்டுக்குப் போகுமுன் சீப்பால் படிய வாரித் தொப்பியைப் போட்டுக்கொண்டால் மார்க்கத்துக்கும் வாப்பாவுக்கும் ஏற்ற தலை. சந்தைத் தெருவிலும் கடற்கரையிலும் மட்டும் அது எழுந்து நின்றது. பின்னேரம் அசர் தொழுததிலிருந்து அந்தி மஃரிப் வரை வாங்கு நிறைந்து, வாசற்படி நிறைந்து, றேடியோவில் ஏதோ ஒரு வெள்ளைக்காரன் விக்கலெடுப்பதுபோல் பாடிக்கொண்டிருக்க, பையன்கள் கதைத்தார்கள், நக்கலடித்தார்கள், கண்ணாடியில் முறைவைத்துப் பார்த்தார்கள். ஒஸ்தா கதிரைக்குப் பின்னால் நின்று வெட்டினார். யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவர் முன்னால் எல்லாவற்றையும் கதைத்தார்கள். பதினொரு வருடமாகச் சுவரோடு இருந்தவருக்கு இதுவே பெரிய சபை.

ஒருநாள் றஊப், புதிதாகப் படித்த உற்சாகத்தில், சத்தமாகவே சொன்னான்: “இதென்ன மார்க்கத்துல இல்லாத வேல? இந்த முகைதீன் கந்தூரிக்கு நாங்க அஞ்சி பேர் ஒஸ்தாட சகன்ல இரிக்கம். யாரு என்ன சொல்றாங்கண்டு பாப்பம்.”

“வல்லாகி இரிக்கம்!” என்று சத்தியம் செய்தார்கள் நாலு பேர்.

ஒஸ்தாவின் கையிலிருந்த சீப்பு நின்றது. பிறகு ஓடியது. மறுநாள் ஒஸ்தா சில்வெஸ்டரிடம் போய்ச் சட்டைக்கு அளவு கொடுத்தார்.

“கொலர் வெச்சா? கந்தூரிக்கா ஒஸ்தா?”

“ஓம். ஆக்கள் வருவாங்க.”

விசயம் வெளியே வந்தது தலையால் அல்ல, பாயால். மழை தொடங்குமுன் பள்ளிவாசல் பாய்களை வெயிலில் போட்ட, பாங்கு சொல்கிற மோதினார், பன்பாயில் எண்ணெய்க் கறைகளைக் கண்டார். தேன்மெழுகு கலந்த எண்ணெய், சவுக்காரத்துக்கும் போகவில்லை. கறைகள் ஒவ்வொன்றும் நெற்றி படுகிற இடத்துக்கு ஒரு விரல் முன்னால் இருந்தன. சுஜூதில் நெற்றியை நிலத்தில் வைக்கும்போது தொப்பியின் விளிம்புக்கு வெளியே வழுகிய முன்முடி, நெற்றிக்கு முந்தி நிலத்தைத் தொட்டிருக்கிறது. மோதினார் ஒன்று விடாமல் எண்ணினார். பதினேழு. பதினாறு பின்வரிசைகளில் இருந்தன. ஒன்று இரண்டாம் வரிசையில், மரைக்கார் வீட்டுப் பிள்ளைகள் நிற்கிற இடத்தில். அதைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசவில்லை.

யாருடைய தலைகள் என்று தொப்பியைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்தானே என்று வெளியூரார் கேட்கலாம். பள்ளியில் ஒருவன் தொப்பியில் கைவைப்பது அவன் வாப்பாவின் மானத்தில் கைவைப்பது. அதுவுமல்லாமல், தெருவில் கண்டவர்களுக்கு ஏழெட்டுப் பெயர் தெரிந்தேயிருந்தது. எல்லாருக்கும் தெரிந்ததை இன்னொருவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும், அதுதான் வேண்டியிருந்தது. அந்த வாய் யாருக்கும் சொந்தக்காரனாக இல்லாத வாயாக இருந்தால் நல்லது. ஆகவே ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஒஸ்தாவைப் பள்ளி விறாந்தைக்குக் கூப்பிட்டார்கள்.

தலைமை மரைக்காரான மக்கீன் நடுவில் இருந்தார். மற்ற நாலு குடிகளின் மரைக்கார்மாரும் சுற்றியிருந்தார்கள். விதானை ஓரமாகக் குறிப்புப் புத்தகத்தோடு. முதலில் ஆலிமிடம் கேட்டார்கள், இப்படிப்பட்ட முடியோடு தொழுகை கூடுமா என்று.

ஆலிம் யோசித்துவிட்டு, “நெத்தி நிலத்துல பட்டாக் கூடும். எண்ணெ பட்டாப் பாய்தான் பாழ்” என்றார். இந்தப் பத்வா ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

மக்கீன் மரைக்கார் ஒஸ்தாவின் பக்கம் திரும்பினார். அவர் குரல் கடுமையாக இல்லை.

“ஒஸ்தா, ஒங்களோட எங்களுக்கு ஒரு கோவமுமில்ல. கத்தி வெட்டுறது கத்திர குத்தமா? பதினேழு பேர்ர பேர மட்டும் சொல்லுங்க. வாப்பாமார் பாத்துக்குவாங்க. கலாசாலையில படிக்கிற ஆக்கள் இரிந்தா அதிபருக்கு ஒரு கடிதம் போடுவம்.”

ஒஸ்தா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சொன்னா என்ன தெரியுமா?” மரைக்கார் சற்று முன்னால் சாய்ந்தார். “வாற கந்தூரியில நானே வந்து ஒங்கட சகன்ல இரிக்கன். வல்லாகி. நான் இரிந்தா மத்தாக்கள் இரிக்காம எங்க போற? ஒங்களுக்கும் எத்தின வருசம் தனிய...”

அவர் பொய் சொல்லவில்லை. மக்கீன் மரைக்கார் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். அவர் ஒருமுறை இருந்துவிட்டால், அடுத்த கந்தூரிக்கு வேறொருவர் இருப்பார், அதற்கடுத்ததற்கு யாரும் யோசிக்கவே மாட்டார்கள். ஒரு வழக்கம் செத்துப்போக அந்த ஒரு பின்னேரம் போதும். பதினேழு பையன்கள் வாங்கில் இருந்து கொடுத்த வாக்கைவிட அது உறுதியானது என்பது ஒஸ்தாவுக்கும் தெரிந்திருக்கும். ஒஸ்தா தலையை நிமிர்த்தினார். உதடு அசைந்தது. விதானை பேனையைத் திறந்தார்.

“மரைக்கார்,” என்றார் ஒஸ்தா, “எங்கட கையில தல குடுத்த ஆக்களப் பத்தி நாங்க கதைக்கிறல்ல.”

“இது மார்க்க விசயம் ஒஸ்தா.”

“ஓம். ஒங்கட விசயமும் மார்க்க விசயம்தான். ஒங்கட சுன்னத்துக்கு நான்தான் எங்கட வாப்பாக்குப் பக்கத்துல சாம்பல் சட்டி புடிச்சன். அண்டைக்கி நடந்தத வாப்பா மவுத்தாகு மட்டும் கதைக்கல்ல. நானும் கதைக்கல்ல.”

அன்றைக்கு என்ன நடந்தது என்பது இன்றுவரை ஊருக்குத் தெரியாது. ஆனால் சுன்னத்து நாளில் ஒரு பையன் என்னென்ன செய்யக்கூடும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் சொந்த அனுபவம். ஐந்து மரைக்கார்மாரும் ஒரே நேரத்தில் பாயைப் பார்த்தார்கள். ஐந்து பேருமே ஒஸ்தாவின் வாப்பா கையால் சுன்னத்துச் செய்யப்பட்டவர்கள். ஆலிமுக்கு இருமல் வந்தது; அது இருமல்போல் இருக்கவில்லை. விதானை, தான் கேட்டது ஒரு மிரட்டலா அல்லது சொற்பொழிவா என்று தீர்மானிக்க முடியாமல், பேச்சு வன்மை என்று எழுதிக்கொண்டார். கறைகளின் எண்ணிக்கையை மோதினாரிடம் கேட்டுப் பக்கத்தில் போட்டார்.

மக்கீன் மரைக்கார் எழுந்து, சாரனை உதறிக் கட்டினார். “சரி. அப்ப எல்லாம் வழமைபோல” என்றார்.

தண்டனை அவ்வளவுதான். கடையை மூடச் சொல்லவில்லை, வீடுகளுக்குக் கூப்பிடாமல் விடவுமில்லை. அடுத்த கிழமையே ஒரு குழந்தைக்கு முடியிறக்க ஆள் வந்தது. வழமை எதுவும் மாறவில்லை. ஒஸ்தாவுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறு எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது. அதை அவர்கள் யோசித்துச் செய்யவுமில்லை.

பெயர்கள் வெளியே போகவில்லை. ஆனால் பெயர் போகக்கூடும் என்கிற பயம் பதினேழு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. பையன்கள் கடைக்கு வருவதை முதலில் இரண்டிரண்டு பேராக நிறுத்தினார்கள், பிறகு மொத்தமாக. சிலர் சந்தைத் தெருவின் மறுபக்கத்தால் நடந்தார்கள். றேடியோ பாடியது. பூனை திரும்பி வந்து உழவுயந்திர இருக்கையில் படுத்தது.

“நன்றிகெட்ட பயலுகள்” என்றார் சில்வெஸ்டர்.

“இல்ல” என்றார் ஒஸ்தா. “வாப்பாமார் இரிக்காங்களே.”

முகைதீன் கந்தூரி நவம்பர் முதற்கிழமையில் வந்தது. மழை விட்டிருந்தது. பள்ளி முற்றத்தில் பாய் விரித்து, ஆறாறு பேராக இருத்தினார்கள். ஒஸ்தா கொலர் வைத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கிணற்றடிக்குப் பக்கத்தில் தன் வழக்கமான இடத்தில் இருந்தார். இம்முறை பாயின் நடுவில் இருக்காமல், ஐந்து பேருக்கு இடம் விட்டு ஓரமாக இருந்தார். சகன் வந்தது. மேலே மூடியிருந்த துணியை அவர் எடுக்கவில்லை.

றஊப் தன் வாப்பாவோடு மூன்றாவது பாயில் இருந்தான். தொப்பி புருவம் வரை இறங்கியிருந்தது. மற்றவர்களும் அப்படித்தான், அன்றைக்குப் பள்ளியில் புருவம் தெரிந்த வாலிபன் ஒருவனுமில்லை. ஓதி முடித்து, உப்புத் தொட்டு வாயில் வைத்து, எல்லாரும் கைபோடத் தொடங்கினார்கள். ஒஸ்தாவின் சகன் மூடியபடியே இருந்தது. முற்றத்திலிருந்த பலரும் அதைக் கண்டார்கள். கண்டபடி உண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் றஊப் எழுந்தான். செம்புக் கெண்டியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பாயாகத் தண்ணீர் வார்த்தபடி, கிணற்றடிப் பக்கம் வந்தான். ஒஸ்தாவின் முன் குனிந்து நின்று, அவருடைய கையில் தண்ணீர் ஊற்றினான். கை கழுவியாகிவிட்ட பிறகும் ஊற்றிக்கொண்டே நின்றான்.

“வாப்பா பாக்காரு, ஒஸ்தா.”

“ஓம் மனெ.”

“நான்... அண்டைக்கிச் சொன்னது...”

“போங்க மனெ. ஒங்கட சோறு ஆறிரும்.”

றஊப் போனான். ஒஸ்தா துணியை எடுத்து மடித்து வைத்தார். பிஸ்மி சொல்லி, தன் பக்கத்து ஆறிலொரு பங்கை உண்டார். இறைச்சித் துண்டுகளில் நல்லவற்றை, அந்தச் சோற்றில் தன் விரல் படாமல், மற்ற ஐந்து பக்கமும் ஒதுக்கி வைத்தார். பிறகு எழுந்து, கை கழுவி, அசர் தொழ உள்ளே போய், மக்கீன் மரைக்காருக்குப் பக்கத்தில் இடமிருந்ததால் அங்கே நின்றார்.

அந்த ஐப்பசி வெள்ளிக்கிழமை, பள்ளி விறாந்தையில், அவரிடம் பதினேழு பேருடைய பெயர்களைக் கேட்டார்கள். ஆதங்கண்டு ஒஸ்தா ஒன்றையும் சொல்லவில்லை.